கட்டிய பணம் ஜாமீனா, அபராதமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "வேலை விசாவில் தமிழ்நாட்டிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் தம்பியை, கடைவாசலில் நடந்த கைகலப்புக்காக வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குப் போலீசார் கைது செய்தார்கள். ஞாயிறு காலை காவல் நிலையத்தில் 1,000 ரேண்ட் கட்டி அழைத்து வந்தோம். அது அபராதம், வழக்கு முடிந்துவிட்டது என்கிறார் மாமா. அது ஜாமீன், அடுத்த மாதம் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி? விசாரணைக்கு முன் என்னென்ன நடக்கும்?"

பணம் கட்டியபோது கொடுத்த தாளை எடுத்துப் பாருங்கள். அதில்தான் பதில் இருக்கிறது. நீதிமன்றத்தின் பெயர், ஆஜராக வேண்டிய நாள், நேரம், குற்றச்சாட்டு, கட்டிய தொகை ஆகியவை அதில் குறிக்கப்பட்டு, அது ஜாமீன் ரசீது என்றிருந்தால் உங்கள் கணவர் சொல்வதே சரி. 1977-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, ஆபத்தான காயம் ஏற்படாத சாதாரணத் தாக்குதல் போன்ற குற்றங்களுக்கு, முதல் ஆஜருக்கு முன்பே காவல் நிலையத்திலேயே ஜாமீன் வழங்க இடம் தருகிறது. குடும்ப உறவுக்குள் நடந்த வன்முறைக்கு மட்டும் இந்த வழி கிடையாது. அதற்கு நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.

அந்தத் தாள் ஜே 534 என்னும் அழைப்பாணைப் படிவமாக இருந்து, அதில் குறித்த அபராதத்தைக் கட்டியிருந்தால் நிலைமை வேறு. அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி அந்தப் பணத்தைக் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். நீதிமன்றமே குற்றவாளி என்று தீர்ப்பளித்துத் தண்டித்ததாக அது கருதப்படும். வீட்டுக்குப் போனால் போதும் என்ற தவிப்பில் கையெழுத்திட்டுவிட்டு, பின்னர் விசா புதுப்பிக்கக் காவல்துறைச் சான்றிதழ் வாங்கப் போகும்போதுதான் அதன் விளைவை அறிந்து கலங்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டுக்குமே ஒரே மேசையில்தான் பணம் வாங்குகிறார்கள் என்பதால் குழப்பம் இயல்பானதே. உங்கள் தாள் அப்படிப்பட்டதாக இருந்தால் உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். என்ன செய்கிறோம் என்று புரியாமல் ஒப்புக்கொண்ட சூழ்நிலையில், உயர் நீதிமன்றத்தின் மறுஆய்வில் அதை ரத்து செய்யக் கோரலாம்.

ஜாமீன்தான் என்று வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன். ஜாமீன் கிடைக்காமல் போயிருந்தால், கைதானவரை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தச் சட்டம் தரும் 48 மணி நேரம் ஞாயிறு இரவு முடிவதாலும் அது நீதிமன்ற நாள் அல்லாததாலும், திங்கட்கிழமை நீதிமன்ற நேரம் முடியும் மாலை 4 மணிக்குள் தம்பியை ஆஜர்படுத்தியிருக்க வேண்டும். இப்போது அந்தக் கவலை இல்லை. ஆனால் குறித்த நாளில் அவர் போகத் தவறினால் ஜாமீன் தற்காலிகமாக ரத்தாகிக் கைது ஆணை பிறக்கும்; 14 நாட்களுக்குள் ஆஜராகித் தகுந்த காரணம் காட்டாவிட்டால் பணமும் பறிபோகும்.

முதல் ஆஜர் விசாரணையல்ல. பெரும்பாலும் சில நிமிடங்களில் பெயரைக் கூப்பிட்டு, வழக்கறிஞர் உண்டா என்று கேட்டு, புலன்விசாரணை முடியவில்லை என்று வேறு தேதிக்குத் தள்ளி வைப்பார்கள். வழக்கறிஞருக்குச் செலவு செய்ய வசதியில்லை என்றால், நீதிமன்றத்திலேயே அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவின் உதவியைக் கேட்கலாம். ஆங்கிலத்தில் தடுமாறுபவர் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அன்றே சொல்லுங்கள். அரசியலமைப்பின் 35-ஆம் பிரிவு தரும் உரிமை அது. பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டுவது தம்பிக்கே கேடாக முடியும்.

அடுத்த கட்டம்தான் மிக முக்கியமானது. 1995-இல் ஷபலாலா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, போலீஸ் கோப்பிலுள்ள சாட்சிகளின் வாக்குமூலங்களைப் பார்க்கும் உரிமை பொதுவாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு. அவற்றைப் படித்துப் பார்க்காமல், குற்றத்தை ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்று முடிவெடுக்கக் கூடாது. படித்த பிறகு, வழக்கைக் கைவிடுமாறு உங்கள் வழக்கறிஞர் அரசு வழக்கறிஞருக்கு எழுத்துபூர்வமாகக் கோரிக்கை வைக்கலாம்.

புகார் கொடுத்தவரிடம் பேசி "கேஸை வாபஸ் வாங்க" முயலலாமா என்று நம்மவர் பலரும் கேட்கிறார்கள். தயவுசெய்து நேரில் போகாதீர்கள். ஜாமீன் நிபந்தனை அதைத் தடுத்திருந்தால் தம்பி மறுபடியும் உள்ளே போக நேரிடும், சாட்சியை மிரட்டியதாகத் தனிப் புகாரும் எழலாம். தவிர, வழக்கைத் தொடர்வதா கைவிடுவதா என்பதைப் புகார்தாரர் அல்ல, அரசு வழக்கறிஞரே முடிவு செய்கிறார். குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும் முன்பே வழக்கைக் கைவிட்டால் அது விடுதலைத் தீர்ப்பாகாது, பின்னர் மீண்டும் தொடரப்படலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"குற்றவாளி அல்ல" என்று தம்பி சொன்ன பிறகே விசாரணை தொடங்கும். தம் தரப்பு என்ன என்று நீதிபதி அப்போது கேட்டாலும், பதில் சொல்லாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. அதுவரை போலீசாரிடமோ அண்டை வீட்டாரிடமோ வாட்ஸ்அப்பிலோ அந்த இரவைப் பற்றி அவர் எதுவும் விளக்க வேண்டாம். ரசீதையும் பாஸ்போர்ட்டையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். குறித்த நாளில் 9 மணிக்கு நீதிமன்றம் தொடங்கும் முன்பே அவரை அங்கே அழைத்துச் சென்றுவிடுங்கள்.