காரணி தெரியாமலே பகு எண் என்று சொல்ல முடியுமா?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். படிவம் நான்கில் படிக்கும் என் மகன் 147,573,952,589,676,412,927 என்ற எண்ணோடு மல்லுக்கட்டுகிறான். இரண்டை 67 முறை எழுதிப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவதாம். 3, 7, 11, 13 எதிலும் வகுபடவில்லை. எக்செலில் போட்டால் கடைசியில் வெறும் சுழியங்கள். இது பகா எண்ணா? நாள்கணக்கில் வகுக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: முதலில் எக்செலை மூடுங்கள். அது 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது, மிச்சத்தைச் சுழியமாக்கிவிடும். ஒற்றைப்படை எண் இரட்டைப்படையாகிவிடுகிறது. சம்பளக் கணக்குக்குப் போதும், இதற்கு உதவாது.

தம்பி 3, 7, 11, 13 என்று முயன்றதே வீண் வேலை. 67 பகா எண் என்பதால், இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 134-ஆல் வகுத்தால் 1 மீதி தரும். 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தரும். இரண்டுக்கும் பொருந்துபவை 135, 537, 671, 1073, 1207 என்று வரும். இவை ஐந்துமே பகு எண்கள், தள்ளிவிடலாம். உண்மையில் வகுத்துப் பார்க்கவேண்டிய முதல் எண் 1609. அதுவும் வகுபடாது.

இப்படியே போனால் எப்போது முடியும் என்கிறீர்களா? அதற்குத்தான் வேறு வழி. செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) கூட்டுத்தொகை இடிக்கிறது என்றால், எந்த வரியில் பிழை என்று தெரிவதற்கு முன்பே பிழை இருப்பது உங்களுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? இதுவும் அப்படித்தான்.

சிறிய எண்ணில் காட்டுகிறேன். இரண்டை 11 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள். 2047-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதையே 11-க்கு இரண்டு குறைவாக, ஒன்பது முறை செய்யவேண்டும். 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் சுழியம் வந்திருந்தால் பகா எண். வந்தது 1736, ஆகவே 2047 பகு எண். அதன் காரணிகள் 23, 89 என்பதை இந்தக் கணக்கு எங்கேயும் சொல்லவில்லை, கவனியுங்கள். இரண்டை 5 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 31-க்கு இதையே செய்தால் 4, 14, 8, 0 என்று மூன்றே படியில் சுழியம் வந்துவிடும்; அது பகா எண்.

உங்கள் எண்ணுக்கு 65 படிகள். கையால் செய்வது தண்டனை. பைத்தான் போன்ற கணினி மொழியில் நான்கைந்து வரி எழுதினால் கண்மூடித் திறப்பதற்குள் விடை வரும். சுழியம் வராது. உங்களுடையது பகு எண்.

1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அது பகு எண் என்று நிறுவினார். காரணி ஒன்றுகூட அவர் கையில் இல்லை. மேலே காட்டிய எளிய வடிவத்தை 1930 வாக்கில் தந்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் லெமர். காரணிகளைக் கண்டவர் அமெரிக்கரான ஃபிராங்க் கோல், 1903-இல்: 193,707,721 மற்றும் 761,838,257,287. மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குச் செலவானதாக அவர் சொன்னாராம். நம்பலாம், சின்னக் காரணியே ஒன்பது இலக்கம்!

இந்த இரண்டையும் தம்பி தாளில் பெருக்கிப் பார்க்கட்டும், ஒரு பக்கம் போதும். அதற்கு முன் ஒன்பதால் ஒரு சோதனை: முதல் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37, இரண்டாவதில் 64, உங்கள் எண்ணில் 109. மூன்றுமே ஒன்பதால் வகுத்தால் 1 மீதி தருகின்றன. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று, சரியாக இருக்கிறது. ஆனால் பெருக்கும்போது இலக்கங்கள் இடம் மாறி விழுந்தால் இந்தச் சோதனை அதைப் பிடிக்காது. ஆகவே ஒவ்வொரு வரியையும் கட்டத்தாளில் எழுதச் சொல்லுங்கள்.