யூத அகதிகளை ஜனநாயக நாடுகள் ஏன் ஏற்கவில்லை? கேள்வி பதில்

கே: ஜெர்மனியில் நடந்தது அப்போது வெளியுலகத்துக்குத் தெரியாது என்கிறார்களே, உண்மையா சார்?

ப: இல்லை. கொலை முகாம்கள் பின்னால் வந்தவை, ஆனால் யூதர்களைத் துரத்துகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடியதே இதற்காகத்தான். எல்லோரும் இரக்கப்பட்டுப் பேசினார்கள், டொமினிக்கன் குடியரசைத் தவிர யாரும் பெரிய எண்ணிக்கையில் இடம் தர முன்வரவில்லை.

கே: அமெரிக்காவில் குடியேற நாட்டுவாரி ஒதுக்கீடு இருந்ததே அண்ணா?

ப: இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 27,370 இடம், ஹிட்லர் வந்த 1933லிருந்து பார்த்தால் 1939ல்தான் அது முதல்முறையாக நிரம்பியது. அதுவரை இடம் காலியாகக் கிடந்தது, தூதரக வாசலில் ஜனம் காத்துக் கிடந்தது. அரசுக்குப் பாரமாகிவிடுவார் என்று அதிகாரி நினைத்தால் விசா கிடையாது, கையில் பணம் வேண்டும் அல்லது செலவை ஏற்கிறேன் என்று அமெரிக்காவில் ஒருவர் எழுதித்தர வேண்டும். நாஜி அரசோ கிளம்புகிறவர்களிடம் வரி என்று சொத்தைப் பிடுங்கிக்கொண்டு பத்து மார்க்கோடு அனுப்பியது. அப்புறம் நன்னடத்தைச் சான்றிதழ் வேறு, அதையும் துரத்துகிற அதே ஜெர்மன் போலீஸிடமே வாங்கி வரச் சொன்னார்கள்.

கே: மக்கள் எதிர்க்கவில்லையா?

ப: நாஜிகளை எதிர்த்தார்கள், அகதிகளையும் வேண்டாம் என்றார்கள். 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூத ஜெபக்கூடங்கள் எரிந்த பிறகு எடுத்த கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அதைக் கண்டித்தார்கள், ஆனால் கூடுதலாக யூதர்களை அனுமதிக்கலாமா என்றால் பத்துக்கு ஏழு பேர் கூடாது என்றார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் ஒரு காரணம், யூத வெறுப்பும் காரணம், இரண்டாவதை மறைக்கக் கூடாது. 20,000 அகதிக் குழந்தைகளை அமெரிக்காவுக்குள் எடுக்கும் மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை.

கே: செயின்ட் லூயிஸ் கப்பல் பற்றிச் சொல்லுங்கள்.

ப: 1939 மே மாதம் 937 பேரோடு, பெரும்பாலும் யூத அகதிகள், ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து கியூபாவுக்குக் கிளம்பியது. தானே கொடுத்த அனுமதியைக் கியூபா ரத்து செய்ததால் ஹவானாவில் சிலரே இறங்கினார்கள். மயாமி விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை வந்தும் அமெரிக்கா விடவில்லை, கப்பல் திரும்பியது. பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து அவர்களைப் பங்கிட்டுக்கொண்டன. பிரிட்டனுக்குப் போனவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்தார்கள், மற்ற மூன்று நாடுகளிலும் ஜெர்மன் படை நுழைந்துவிட்டது, 254 பேர் கொல்லப்பட்டார்கள்.

கே: யாருமே உதவவில்லையா?

ப: பிரிட்டன் சுமார் 10,000 குழந்தைகளை எடுத்தது, பெற்றோர் இல்லாமல். சுவிட்சர்லாந்து எல்லையில் பால் குரூனிங்கர் என்ற போலீஸ் அதிகாரி அகதிகள் நுழைந்த தேதியை மாற்றி எழுதி நூற்றுக்கணக்கானோரை உள்ளே விட்டார். 1939ல் வேலை போனது, தண்டனையும் கிடைத்தது, வறுமையிலேயே 1972ல் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னது 1995ல்.