கானில் கிடைத்த கல், ஆதிமனிதர் கருவியா?

சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர், தோட்டத்தில் செம்பனை மறுநடவுக்குக் கான் (வடிகால்) வெட்டியபோது ஓரம் கூரான உள்ளங்கையளவு கல் ஒன்று கிடைத்ததாகவும், அது ஆதிமனிதர் கருவியா, அதை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

கல்லைத் தேய்த்துக் கழுவாதீர்கள். அந்த இடத்தை மேலும் தோண்டவும் வேண்டாம். சாய்வான வெயிலில் கல்லைத் திருப்பிப் பாருங்கள். மண்வாரி இயந்திரத்தின் பல் பட்டு உடைந்த கல்லில் உடைவு புதிதாக, மற்றப் பரப்பின் நிறத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும். மனிதன் செதுக்கிய கல்லிலோ, ஒரே விளிம்பிலிருந்து சில்லுகள் அடுத்தடுத்துப் பெயர்க்கப்பட்ட தடங்கள் இருக்கும்; அடி விழுந்த இடத்தில் ஒரு சிறு குழிவும், அதிலிருந்து விரியும் மெல்லிய அலைக்கோடுகளும் காணலாம். ஒரேயொரு தடம் மட்டும் இருந்தால் நான் அதைக் கருவி என்று ஏற்க மாட்டேன்.

ஆயினும் கல்லைவிட அது கிடந்த இடமே அதிகம் பேசும். பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கின் கோத்தா தம்பானில் 1938-லேயே கற்கருவிகள் கண்டெடுக்கப்பட்டிருந்தும், மலேசியத் தொல்லியலின் முன்னோடியான பேராசிரியர் சுரைனா மஜீத் 1987-இல் அங்கு அகழ்ந்து, பட்டடைக்கல், சுத்தியற்கல், செதுக்கிய கற்கள், சிதறிய சில்லுகள் யாவும் கிடந்த நிலையிலேயே பதிவு செய்த பிறகுதான் அது ஒரு கருவிப் பட்டறை என்பது உறுதியாயிற்று. அங்கே காணப்பட்ட எரிமலைச் சாம்பல், சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா வெடித்தபோது வந்தது. காலத்தைக் கணிக்க அச்சாம்பலே உதவியது. தனியே எடுத்து அலமாரியில் வைத்த கல்லுக்கு இந்தச் சாட்சி கிடையாது.

அதே பள்ளத்தாக்கின் குனோங் ருந்து குகையில் சுரைனா குழுவினர் கண்ட 'பேராக் மனிதன்' பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவர், நம்மைப் போன்ற முழு மனிதர். இடது கை வளர்ச்சி குன்றியிருந்தும் ஏறத்தாழ ஐம்பது வயதுவரை வாழ்ந்திருக்கிறார். கால்களை மடக்கி, கற்கருவிகளோடும் ஆற்று நத்தை ஓடுகளோடும் அடக்கம் செய்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெயரிலும் அந்த நத்தைதான் இருக்கிறது; மலாயில் 'சிப்புட்' என்றால் நத்தை.

ஆகவே, கல் கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் மண்ணின் நிறத்தையும் எழுதி வையுங்கள். கானின் பக்கச்சுவரை அளவுகோலுடன் படமெடுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, இத்தகைய பொருளைக் கண்டெடுப்பவர் உடனே தெரிவிக்க வேண்டும். கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தில் தெரிவித்து, கல்லை ஒப்படைத்தால் பெற்றுக்கொண்டதற்கான சீட்டையும் கேட்டு வாங்குங்கள். தோட்ட நிர்வாகத்திடமும் இன்றே சொல்லிவிடுங்கள், நாளை மண்வாரி மீண்டும் அங்கே இறங்குவதற்குள்.