344 பந்துகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

1942 மே 24 அன்று டோக்கியோவின் கோராகுவென் மைதானத்தில் தாயோ அணியும் நகோயா அணியும் ஆடிய 28 இன்னிங்ஸ் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிப் படித்தேன். வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்தானே! பந்து வீசிய இரண்டு பிட்ச்சர்களும் கடைசிவரை மாறவே இல்லையாம்! இன்று நூறு பந்து வீசினாலே உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த மன உறுதி இப்போது ஏன் இல்லை? இருவரில் யார் பெரியவர்? பேஸ்பால் புரிந்துகொள்ள எங்கே தொடங்கலாம்?

கு.

அன்புள்ள கு.,

4-4 என்று முடிந்த ஆட்டத்தில் யார் பெரியவர் என்று கேட்க உங்களால்தான் முடியும். அதை விடுங்கள். பேஸ்பால் புரிய ஒரு முழு ஆட்டத்தை ஸ்கோர் எழுதிக்கொண்டே பாருங்கள், போதும்.

மன உறுதிக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகவே இந்த ஆட்டம் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. தாயோவின் நொகுச்சி ஜிரோவுக்கு 22 வயது, நகோயாவின் நிஷிஸாவா மிச்சியோவுக்கு 20. ஒன்பதாவது இன்னிங்ஸில் தாயோ 4-2 என்று முன்னால் இருக்கிறது. இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் அவுட்டானால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். நகோயாவின் ஃபுருகாவா ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்து இரண்டு ரன் சேர்த்துவிட்டார், 4-4. அதன்பின் 19 இன்னிங்ஸ் ஒரு ரன்கூட இல்லை. வெளிச்சம் போனதும் நிறுத்தினார்கள்.

நொகுச்சி வீசியது 344 பந்துகள், நிஷிஸாவா 311. நேரம் 3 மணி 47 நிமிடம்தான். கணக்குப் போடுங்கள். அணி மாறும் நேரமெல்லாம் சேர்த்தே 21 நொடிக்கு ஒரு பந்து. அரை இன்னிங்ஸுக்கு, ஓர் அணி ஒருமுறை மட்டை பிடித்து முடிக்க, பன்னிரண்டு பந்துகூட ஆகவில்லை. அதாவது மட்டையாளர்கள் வந்த வேகத்தில் அவுட்டாகிப் போனார்கள். பலர் பட்டாளத்துக்குப் போயிருந்த காலம். போர்க்காலத் தட்டுப்பாட்டில் பந்தும் மட்டம். ஓங்கி அடித்தாலும் பறக்காது. அந்த ஆண்டு நொகுச்சி 40 ஆட்டங்களில் வென்றார். அபாரமான பிட்ச்சர், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பூஜ்யங்களில் பந்துக்கும் பங்கு உண்டு. எல்லாவற்றையும் மன உறுதியின் கணக்கில் எழுதாதீர்கள்.

முந்தைய நாளும் நொகுச்சி ஒரு முழு ஆட்டம் வீசியிருந்தார். இதைக் கேட்டால் உங்களுக்கு இன்னும் புல்லரிக்கும். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவரை நிறுத்தாமல் விட்டவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லையே, ஏன்? எங்கள் பி.டி. வாத்தியார் வெயிலில் ஓடி மயங்கி விழுந்தவனுக்குத்தான் கைதட்டச் சொல்வார். அவர் நிற்பது வேப்பமர நிழலில். நீங்கள் இப்போது அங்கேதான் நிற்கிறீர்கள், தம்பி.

சவாமுரா எய்ஜியைத் தெரியுமா? 1934இல், 17 வயதில், அமெரிக்காவின் பெரிய மட்டையாளர் பேப் ரூத்தையே பந்தைத் தொடவிடாமல் அவுட்டாக்கிய ஜப்பானிய பிட்ச்சர். பட்டாளத்தில் கையெறி குண்டு வீசி வீசித் தோள் போயிற்று. 1944 டிசம்பரில், போன கப்பலோடு கடலில் மூழ்கினார். அன்றைக்கும் உறுதி உறுதி என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நல்லவேளை, நொகுச்சியும் நிஷிஸாவாவும் போருக்குப் பின் மைதானத்துக்குத் திரும்பினார்கள். நிஷிஸாவா மட்டையாளராகவே மாறி, 1952இல் ஜப்பானின் சென்ட்ரல் லீக் போட்டியில் பேட்டிங் பட்டத்தையும் வென்றார். உங்களுக்கு அவரைப் பற்றி எழுதத் தோன்றினால் அதையும் எழுதுங்கள்.