பரணில் கிடக்கும் ஹார்டு டிஸ்க்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2005இல் வாங்கிய எங்கள் மேசைக் கணினி, போன ஐப்பசி மழையில் இடி இறங்கிய இரவோடு நின்றுபோனது. பச்சைத் தேயிலை போட்ட கணக்கும் தங்கையின் திருமணப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. பழுது பார்ப்பவரிடம் காட்டியபோது, "பெட்டி போய்விட்டது, இனி ஒன்றும் கிடைக்காது" என்று சொல்லிவிட்டார். பரணில் ஏற்றிவிட்டோம். அவ்வளவுதானா ஐயா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: பெட்டி போனது உண்மையாக இருக்கலாம், ஆனால் படங்கள் இருப்பது பெட்டியில் இல்லை, அதற்குள் திருகாணி போட்டுப் பொருத்தியிருக்கும் ஹார்டு டிஸ்க்கில். மின்னழுத்தம் எகிறும்போது பெரும்பாலும் முதலில் அடிவாங்குவது மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், அடுத்து மதர்போர்டு. இவை இரண்டும் கருகிய பிறகும் டிஸ்க் நலமாக இருப்பது அடிக்கடி காணும் காட்சி. ஆகவே பழைய கணினியை மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுங்கள்.

கழற்றியதும் அதன் அடியிலுள்ள பச்சை அட்டையை வெளிச்சத்தில் பாருங்கள். கருகிய புள்ளியோ தீய்ந்த வாடையோ இருந்தால் மின்சாரமே கொடுக்காமல் தரவு மீட்பு நிபுணரிடம் கொண்டுபோவதுதான் சரி. அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து அட்டையை மாற்றிப் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் அட்டையிலுள்ள சிறு சிப்பில் பதிந்திருப்பதால், பெரும்பாலான டிஸ்க்குகளில் அந்தச் சிப்பையும் பெயர்த்து மாற்றினால்தான் பலன் உண்டு. அது வீட்டு மேசையில் செய்கிற வேலை இல்லை.

அட்டை சுத்தமாக இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். மழைக்காலம் முழுவதும் கோத்தகிரிப் பரணில் கிடந்த பொருள், அலமாரியில் வைத்த தோல் செருப்பே பூஞ்சை பிடிக்கிற ஊரில், எவ்வளவு ஈரம் குடித்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுக்கமான டப்பாவில் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டு, இணைப்புக் கம்பிகளில் களிம்பு இருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள்.

இனி வேண்டியது, டிஸ்க்கை யூஎஸ்பி வழியாக வேறொரு கணினியில் மாட்டும் அடாப்டர். 2005 என்பது இரண்டு வகை டிஸ்க்குகளும் கலந்து விற்ற காலம்: நாடா போன்ற அகலமான கேபிள் மாட்டியிருந்தால் அது ஐடிஇ, மெல்லிய கேபிள் என்றால் சாட்டா. இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டராகவே கேட்டு வாங்குங்கள். அதனோடு தனி மின்சார இணைப்பும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப் டிஸ்க் யூஎஸ்பி தரும் 5 வோல்ட்டில் ஓடிவிடும். மேசைக் கணினியின் டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் தேவை. ஐடிஇ டிஸ்க் தெரியவே இல்லையென்றால், பின்புற ஊசிகளில் செருகியிருக்கும் ஜம்பர் என்ற குட்டி மூடியை 'மாஸ்டர்' என்ற இடத்தில் வையுங்கள்.

டிஸ்க்கை மாட்டியதும் "ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால், எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். விண்டோஸ் எக்ஸ்பி போட்ட கணினி என்றால் உங்கள் கோப்புகள் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஃபோல்டருக்குள், அவரவர் பெயரில் இருக்கும். அனுமதி இல்லை என்று வந்தால் பயப்படாதீர்கள், அந்த ஃபோல்டரின் உரிமையாளராக இப்போதைய பயனரை மாற்றினால் திறந்துவிடும். முதலில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பிறகு நகலில் பாருங்கள்.

கேள்வி: என் ஹார்டு டிஸ்க் 'டக், டக்' என்று சத்தம் போடுகிறது. ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்தால் சரியாகும் என்கிறான் என் அண்ணன் மகன். வைக்கலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: வைக்காதீர்கள். குளிர்காலக் காலையில் வெளியிலிருந்து அடுப்படிக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதல்லவா, ஃப்ரீசரிலிருந்து எடுத்த டிஸ்க்கிலும் அதேதான் நடக்கும். உள்ளே தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளி நானோமீட்டர் கணக்கிலானது; நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டில் ஒரு நீர்த்துளி என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் மூடியைத் திறந்து பார்ப்பதும் இதே வகை விபரீதம்தான். டக்டக் சத்தம் பெரும்பாலும் ஹெட் பழுதின் அறிகுறி. உடனே அணைத்துவிட்டு, செலவு கட்டுப்படியானால் நிபுணரிடம் கொடுங்கள்.

சத்தமில்லாமல், சில கோப்புகளில் மட்டும் நகலெடுப்பு சிக்கி நிற்கிற டிஸ்க் என்றால் கதை வேறு. லினக்ஸில் ஓடும் 'ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள், நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான பகுதிகளைக் கடைசியில் முயலும். எதுவரை முடிந்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் மலையில் இது சின்ன வசதி இல்லை. கிடைத்த நகலை டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற கோப்பு மீட்பு மென்பொருள்களில் அலசுங்கள். ஃபோட்டோரெக் எடுத்துத் தரும் படங்களில் பழைய பெயர்கள் இருக்காது, பொறுமையாகப் பிரிக்க வேண்டும்.

கேள்வி: கோப்புகள் கிடைத்துவிட்டன. ஆனால் அம்மா தமிழில் எழுதிய கட்டுரைகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குப்பையாகத் தெரிகின்றன. கெட்டுப்போய்விட்டனவா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: கெடவில்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் எழுதியவை அவை. பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தன. 'அம்மா' என்று எழுதியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். உங்கள் குப்பையில் இந்தக் கோர்வை கண்ணில் பட்டால் அது பாமினி என்று கிட்டத்தட்ட உறுதியாகக் கொள்ளலாம். இல்லையென்றால் பழைய தமிழ் எழுத்துக் குறியீடுகளான டிஸ்கி, அல்லது தமிழக அரசு 1999இல் ஏற்ற டாப், டாம் ஆகியவற்றில் ஒன்றா என்று பாருங்கள். பழைய டிஸ்க்கில் விண்டோஸின் 'ஃபாண்ட்ஸ்' ஃபோல்டரையும் மறக்காமல் நகலெடுங்கள். அம்மா பயன்படுத்திய எழுத்துரு அங்கேயே இருக்கும்.

எழுத்துருவை நிறுவியதும் கட்டுரை படிக்க வந்துவிடும். வேர்டில் திருத்த உட்கார்ந்தால் மட்டும் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தை அது பெரிய எழுத்தாக்கும்போது 'அம்மா' 'ஆம்மா' ஆகிவிடுவார். நிரந்தரமாக வைத்துக்கொள்ள, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். கட்டுரையின் நடுவே உண்மையிலேயே ஆங்கிலத்தில் எழுதிய வரிகள் இருந்தால், மாற்றுவதற்கு முன் அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த வரிகள் பொருளற்ற தமிழாக மாறிவிடும்.