தொட்டியில் எத்தனை லிட்டர், குழாயில் எத்தனை லிட்டர்?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்து லயத்து வீட்டில் குடியிருக்கிறோம். தண்ணீர் அடிக்கடி நின்றுவிடுவதால் வட்டத் தொட்டி ஒன்று வாங்கினோம். வெளிச் சுற்றளவு 333 செ.மீ., உயரம் 120 செ.மீ. கடைக்காரர் 230 கேலன் என்றார். கைப்பேசிக் கணக்கு 274 கேலன் என்கிறது. புழங்கிப் பார்த்தால் இரண்டுமே இல்லை. சாலை முனையிலுள்ள தண்ணீர் மீட்டரிலிருந்து வரும் 180 மீட்டர் குழாயில் எவ்வளவு நீர் நிற்கும்?

பதில்: கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, கைப்பேசியும் தவறவில்லை. நம் மலேசியாவில் பழைய வழக்கில் உள்ளது 4.546 லிட்டர் கொண்ட பிரிட்டிஷ் கேலன். கைப்பேசி எடுத்துக்கொண்ட அமெரிக்கக் கேலனோ 3.785 லிட்டர்தான். ஆகவே லிட்டரிலேயே கணக்கிடுங்கள்.

சுற்றளவை 3.1416 ஆல் வகுத்தால் வெளிவிட்டம் 106 செ.மீ. வரும். சுவரின் தடிமனைப் பக்கத்துக்கு அரை செ.மீ. எனக் கழித்தால் உள்விட்டம் 105. அதை அதனாலேயே பெருக்கி, பின்பு 0.7854 ஆலும் உயரத்தாலும் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் 1039 லிட்டர் கிடைக்கும். ஆனால் தொட்டி ஒருநாளும் விளிம்பு வரை நிரம்புவதில்லை. அடிவரை வடிவதும் இல்லை. வழிந்தோடும் குழாய் விளிம்புக்கு 15 செ.மீ. கீழேயும், வீட்டுக்குள் போகும் குழாய் அடியிலிருந்து 5 செ.மீ. மேலேயும் இருக்குமானால், உங்களுக்குப் பயன்படும் உயரம் 100 செ.மீ. மட்டுமே. அதற்குரிய நீர் 866 லிட்டர், அதாவது ஏறக்குறைய 190 பிரிட்டிஷ் கேலன். இவ்விரு துளைகளுக்கும் இடைப்பட்ட உயரத்தை நீங்களே நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

குழாய்க்கும் இதே கணக்குதான்: உள்விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதனாலேயே பெருக்கி, 0.7854 ஆல் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது தெரியும். நீலக் கோடு போட்ட கறுப்புப் பாலி (பாலிஎத்திலீன்) குழாயில் அச்சிட்டிருக்கும் 32 என்பது வெளிவிட்டம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெட்டிய துண்டின் வாயில் அளவுகோலை வைத்துப் பார்த்து 26 மி.மீ. இருந்தால், மீட்டருக்கு 0.531 லிட்டர்; 180 மீட்டருக்கு ஏறத்தாழ 96 லிட்டர். அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பியிருந்தால் 145 லிட்டர் என்று வந்திருக்கும். விட்டம் இரு மடங்கானால் கொள்ளளவு நான்கு மடங்காகும் என்பதால், இங்கே சிறு பிழையும் பெரிதாகத் தெரியும்.

இந்த 96 லிட்டரைச் சேமிப்பில் சேர்க்காதீர்கள். மீட்டர் பக்கம் அழுத்தம் இல்லாதபோது அது வீட்டுக்கு வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை. தண்ணீர் திரும்பி வரும்போது மட்டும் இக்கணக்கு உதவும்: 10 லிட்டர் வாளி நிரம்ப 40 விநாடி ஆகிறதென்றால், குழாயில் தேங்கிக் கிடந்த நீர் முழுவதும் வெளியேற ஆறரை நிமிடம் பிடிக்கும். அதன்பிறகு தொட்டியின் வால்வைத் திறங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: நிரம்பிய தொட்டியில் நீரின் எடை மட்டுமே ஒரு டன்னை நெருங்கும். பழைய லயத்து வீட்டுக் கூரை மரங்களின் மேல் அதை ஏற்ற நான் ஒப்பமாட்டேன்; தரையில் சிமெண்டுத் தளம் போட்டு, அதன்மேல் இரும்புத் தாங்கி நிறுத்தி வையுங்கள்.