என் பணம், என் விருப்பம்: ஆன்லைன் ரம்மியில் அரசுக்கு என்ன வேலை?

"என் காசை ரம்மியில் விட்டால் அரசுக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். சொந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று அரசு சொல்ல ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்ற பயம் எனக்கும் உண்டு.

ஆனால் திண்ணையில் சீட்டாடினால் கையில் காசு தீர்ந்ததும் எழுந்துவிடுவோம். போனில் அப்படி இல்லை. வங்கிக் கணக்கும் அதில்தான், உடனே கடன் தரும் செயலியும் அதில்தான். விட்டதைப் பிடிக்கும் வெறியில், எல்லோரும் தூங்கிவிட்ட நேரத்தில் ஆடுகிறவரைத் தடுக்க ஆளே கிடையாது. விடிந்ததும் அடகுக் கடைக்குப் போவது மனைவியின் நகை. அதை எப்படி "என் காசு" என்பது?

அதனால்தான் 2025-இல் தமிழக அரசு கொண்டுவந்த விதி எனக்குச் சரியாகப் பட்டது. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆட முடியாது, அவ்வளவுதான். ஆட்டத்தை நிறுத்தவில்லை, புத்தி தடுமாறும் நேரத்தை மட்டும் அடைத்தார்கள். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. விதி செல்லும் என்று அந்த ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. (ரம்மி திறமை விளையாட்டு என்று கூறி, அதற்கு மாநிலம் விதித்த முழுத் தடையை 2023-இல் ரத்து செய்ததும் இதே நீதிமன்றம்தான்.)

அப்புறம் ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றுக்கும் நாடாளுமன்றம் தடைச் சட்டம் நிறைவேற்றியது. அது தேவைக்கு மிஞ்சியது என்பேன். ஆட்டம் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போனால், அங்கே நள்ளிரவில் கதவடைக்க யாரும் இல்லை.